வந்தவர் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம் கொடுங்கள்

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிற அண்ணாச்சிமாருக்கும், ஆட்டோவும் டாக்சியும் ஓட்டுகிற தம்பிமாருக்கும், ஹோட்டலும் சங்குக் கடையும் டீக்கடையும் வைத்திருக்கிற அக்காமாருக்கும் வணக்கம்.

இந்த மடலை நான் கலெக்டருக்கு எழுதவில்லை. சுற்றுலாத் துறைக்கும் எழுதவில்லை. அவர்களுக்கு மனு எழுத நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. உங்களிடம் நேராகச் சொல்லத்தான் யாரும் முன்வருவதில்லை. நீங்கள் மனம் வைத்தால் வருகிற கார்த்திகை சீசனுக்குள் முடிந்துவிடக்கூடிய ஒரு காரியத்தை, அரசாங்கம் செய்யும் என்று சொல்லிச் சொல்லி வருஷக்கணக்காகத் தள்ளிக்கொண்டே போகிறோம். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊருக்கு வருகிறவர் எப்படி வருகிறார் என்பது உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? விடியுமுன் ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து இறங்குகிறார். சூரிய உதயம் பார்க்க ஓடுகிறார். பகவதி அம்மன் கோவில், முக்கடல் சங்கமம், காந்தி மண்டபம், பிறகு படகுக்கு வரிசை, விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, சாயங்காலம் அஸ்தமனம். ராத்திரி வண்டியில் ஊரை விட்டுப் போய்விடுகிறார். வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு நம் ஊர் என்பது ஒரே ஒரு பகல். அந்தப் பகலுக்கு அவர்களுக்கு ஏ.சி. அறையும் வேண்டாம், கடல் பார்த்த பால்கனியும் வேண்டாம். பையை வைக்க ஓர் இடம். நம்பி உள்ளே போகக்கூடிய ஒரு கழிப்பறை. குளித்து உடை மாற்ற ஒரு மறைவு. குடிக்க நல்ல தண்ணீர். கேட்டால் உண்மையைச் சொல்ல ஓர் ஆள். இந்த ஐந்தும் கிடைத்தால் அவர்கள் நம்மை வாழ்த்திக்கொண்டே போவார்கள்.

இவை எதுவும் நம் ஊரில் கிடைக்காத பொருள் அல்ல. ஆனால் எங்கே, யாரிடம், என்ன விலைக்கு என்பது வந்தவருக்குத் தெரிவதில்லை. குளிக்க மட்டும் இடம் கேட்டு வருகிற குடும்பத்திடம் ஒரு நாள் வாடகையைச் சொல்கிறோம். பை வைக்கக் கேட்டால் அறை எடுத்தால் வைக்கலாம் என்கிறோம். கழிப்பறை கேட்டால் ரோட்டைக் கைகாட்டுகிறோம். அவர் அரை மனதோடு அறை எடுக்கிறார், இல்லையென்றால் எடுக்காமல் தெருவில் நிற்கிறார். இரண்டில் எது நடந்தாலும் அவர் மனசில் நம் ஊரைப் பற்றி ஒரு கசப்பு ஏறிவிடுகிறது.

காந்தி மண்டபத்துப் பக்கம் பகல் பதினொரு மணிக்கு நின்று பாருங்கள். சென்ற சீசனில் அங்கே ஓர் அம்மாவைப் பார்த்தேன். மராத்திச் சேலைக்கட்டு, எழுபது வயது இருக்கும். சுற்றிலும் பைகள்: சக்கரம் ஒடிந்த ஒரு பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு சாக்கு, துணி மூட்டை, பிள்ளைகளின் செருப்புப் பை. குடும்பம் மொத்தமும் படகுக்குப் போயிருந்தது. நிழல் நகர நகர அவரும் பைகளை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து நகர்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று கையசைத்தார். துணைக்கு இருந்த பேத்திதான் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள்: தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டிவரும், பையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அந்த அம்மா பாறையைப் பார்க்கவில்லை. இந்தியாவின் பாதியைக் கடந்து வந்து, எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்து, பைக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். வருகிற ஒவ்வொரு குடும்பத்திலும் இப்படி ஒருவர் விடுபடுகிறார். பெரும்பாலும் அது பாட்டிதான், இல்லையென்றால் கைக்குழந்தைக்காரி. நம் ஊரைப் பார்க்க அதிகம் ஆசைப்பட்டவரும் பல நேரம் அவரே.

ரயில் நிலையத்தில் பொருள் வைப்பறை இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் ரயில்வேயில் வாங்குவார்கள். நாடு முழுக்க அதுதான் விதி. சாக்கும் துணி மூட்டையுமாக வருகிற ஏழைப் பயணிக்கு அந்தக் கதவு திறக்காது. பஸ்ஸிலும் வேனிலும் வருகிறவருக்கு ரயில் நிலையமே வழியில் இல்லை.

நாஞ்சில் நாட்டு மக்களாகிய நமக்கு இந்தத் தேவை புதிதல்ல. நம் பாட்டன் காலத்துச் சாலைகளில் சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்தால் சுமைதாங்கி. ஆளின் தோள் உயரம். சந்தைக்கு நடந்து போகிறவர் யாருடைய கையும் உதவாமல் தலைச்சுமையை அதன் மேல் இறக்கிவிட்டு, கழுத்தைத் தேய்த்துவிட்டு, மறுபடியும் தானே ஏற்றிக்கொண்டு போவார். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்ட கற்கள் அவற்றில் பல. சற்றுத் தள்ளி ஒரு கிணறு, ஒரு வழியம்பலம், கோடையானால் மோரும் தண்ணீரும் ஊற்றுகிற தண்ணீர்ப்பந்தல். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் ஊட்டுப்புரையைக் காட்டுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் சாப்பிடலாம் என்று சொல்வார்கள். ஊட்டுப்புரையைக் கட்டியது அரசன். சுமைதாங்கியை நட்டது சாதாரணக் குடும்பம். பெரியதை அரசு கட்டும், சிறியதை ஊர் செய்யும் என்பது நம் நாட்டில் இருந்த ஏற்பாடு. அரசு தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. நாம்தான் நம் பங்கை விட்டுவிட்டோம்.

1970இல் பாறையில் நினைவு மண்டபம் எழுந்தது. அதற்கு ஏக்நாத் ரானடே நாடு முழுக்கப் பணம் திரட்டினார். ஒரு ரூபாய் கொடுத்த ஏழையும் அதில் பங்குதாரர். 2000 ஜனவரி 1இல் 133 அடி வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. அதன் வெள்ளி விழாவில், 2024 டிசம்பர் 30 அன்று, பாறையையும் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் வந்தது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 37 கோடி ரூபாய் செலவு. அத்தனையும் நமக்குப் பெருமைதான். ஆனால் ஒவ்வொன்று வரும்போதும் கூட்டம் கூடியது, வரிசை நீண்டது. வரிசையில் நிற்கிறவரின் தோளில் இருக்கிற பைக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை.

சிலையின் பீடம் 38 அடி. அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கிறது என்று நாமே பயணிகளுக்கு விளக்கிச் சொல்கிறோம். விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். அந்தப் பீடத்துக்குள் அதுவும் இருக்கிறது. அந்த அதிகாரத்தின் மேல் சிலை நிற்கிற ஊரில் வந்தவர் தண்ணீர் குடிக்கப் பயந்து உட்கார்ந்திருந்தால், அது யாருக்குக் குறை?

அறம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் வியாபாரிகள், கணக்குப் பார்க்க வேண்டியவர்கள். கணக்கையே பேசுவோம்.

கையில் பை உள்ளவர் கடைக்குள் ஏறுவதில்லை. சங்கு மாலையையும் பனங்கற்கண்டையும் நேந்திரம் சிப்ஸையும் வாங்கி எங்கே வைப்பது என்று யோசிக்கிறவர் வாங்காமலே நடக்கிறார். பிள்ளையை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் பிடித்தவர் ஹோட்டலில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார். மத்தியானம் ஆனதும் சோர்ந்துபோய், அஸ்தமனம் பார்க்காமலே நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ வண்டி ஏறிவிடுகிறார். அவர் நம் ஊரில் கழித்திருக்க வேண்டிய அந்த நாலைந்து மணி நேரத்தில் ஒரு காபி, ஒரு சாப்பாடு, வட்டக்கோட்டைக்கு ஓர் ஆட்டோ சவாரி, பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் எல்லாம் இருந்தன. பையை வாங்கி வைத்துக்கொள்ளாத கடைத்தெரு தன் வியாபாரத்தைத் தானே திருப்பி அனுப்புகிறது.

பை வைக்கிற வேலையிலேயே வருமானமும் உண்டு. லண்டனில் 2015இல் தொடங்கிய ஸ்டாஷர் என்ற நிறுவனம் இதையே தொழிலாக்கிக் காட்டியது. அவர்கள் தனியாகக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. கடைகளிலும் ஹோட்டல்களிலும் சும்மா கிடந்த மூலைகளைப் பயணிகளின் பைக்குத் திறந்துவிட்டார்கள், கடைக்காரருக்கும் அதில் பங்கு கொடுத்தார்கள். உங்கள் லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம் இருக்கிறது. கடைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இருக்கிறது. ஓர் இரும்பு அலமாரி, எண் போட்ட இரட்டை டோக்கன், ஒரு நோட்டு. வேறென்ன முதல் வேண்டும்?

அவ்வளவு தூரமும் போக வேண்டாம். திருப்பதியைப் பாருங்கள். அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து ஏறுகிறவர்களின் பைகளை அடிவாரத்திலேயே வாங்கிக்கொண்டு, ரசீது கொடுத்து, மேலே திருமலையில் சேர்ப்பிக்கிறது தேவஸ்தானம். அதற்குக் காசும் வாங்குவதில்லை. நம் ஊருக்குச் சீசனில் வருகிற ஐயப்ப பக்தர்களில் ஆந்திரா, தெலங்கானாக்காரர்கள் எத்தனை பேர்! அந்த ஏற்பாட்டை அனுபவித்தவர்கள் இங்கே வந்து வேன் கூரையிலும் ரோட்டோரத்திலும் மூட்டைக்குக் காவல் இருக்கிறார்கள்.

கழிப்பறைக்கு வருகிறேன். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. படகு வரிசையில் மணிக்கணக்காக நிற்கிற பெண்களின் முகத்தைப் பார்த்தால் போதும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முக்கடலில் பலி போட வருகிற பெண்கள், ஈரச் சேலையோடு நின்று, நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடிக்க, நடுவில் உடை மாற்றுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். திப்ரூகரிலிருந்து வருகிற விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளுக்கு மேல் ஓடி நம் ஊரில் வந்து நிற்கிறது. அதில் வந்து இறங்குகிறவருக்கு முதல் தேவை நல்ல தண்ணீரில் ஒரு குளியல். அதற்கு ஒரு நாள் அறை வாடகை கொடுக்க எல்லாராலும் முடியாது.

தெற்கு டெல்லி மாநகராட்சி 2017இல் ஒரு வழி செய்தது. ஹோட்டல்களும் உணவகங்களும் தங்கள் கழிப்பறையை வெளியாருக்கும் திறந்துவிட வேண்டும், அதற்கு ஐந்து ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்றது. ஜெர்மனியில் ஆலன் என்ற ஊரில் தொடங்கிய ஏற்பாடு இன்னும் இணக்கமானது. கழிப்பறையைத் திறந்துவிட இசைகிற கடைக்காரர் வாசலில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டுகிறார், சுத்தம் செய்கிற செலவுக்கு நகராட்சி பணம் கொடுக்கிறது. வருகிறவர் யாரிடமும் கெஞ்ச வேண்டாம், ஸ்டிக்கரைப் பார்த்தால் உள்ளே போகலாம். இன்று அந்த நாட்டின் பல ஊர்களில் அது நடக்கிறது. நம் ஊரில் இருபது ஹோட்டல்கள் சேர்ந்து இப்படி ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால், அதற்கப்புறம் செலவில் பங்கு கேட்டு உள்ளாட்சியிடம் போய் நிற்க உங்களுக்கு உரிமை வந்துவிடும். முதலில் செய்துகாட்டிவிட்டுக் கேளுங்கள். மறுக்க முடியாது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அவற்றில் நியாயமும் இருக்கிறது.

பைக்குள் என்ன இருக்கும், யார் கண்டது என்பீர்கள். பையை வாங்குமுன் அடையாள அட்டையின் நகலை வாங்குங்கள். எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். இரவு இத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும் என்று டோக்கனிலேயே போடுங்கள். நோட்டை வாரம் ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனில் காட்டுங்கள். அறைக்கு ஆள் வைக்கும்போது நீங்கள் செய்கிற காரியம்தானே இது? பணமும் நகையும் உள்ளே இருந்தால் பொறுப்பில்லை என்பதையும் எழுதியே வையுங்கள்.

தண்ணீருக்கு எங்கே போக என்பீர்கள். உண்மைதான். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி நடத்துகிற கஷ்டம் எனக்கும் தெரியும். அதனால்தான் இலவசமாகச் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. காசு வாங்குங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு இவ்வளவு, குளியலுக்கு இவ்வளவு, கழிப்பறைக்கு இவ்வளவு என்று போர்டில் எழுதி, எழுதியதை மட்டும் வாங்குங்கள். வருகிறவர் காசு கொடுக்கத் தயாராகவே வருகிறார். ஆளைப் பார்த்து, பாஷையைப் பார்த்து விலை மாறுவதுதான் அவரை வதைக்கிறது.

இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை என்பீர்கள். செய்யட்டும், கேட்போம். ஆனால் அரசாங்கம் கட்டுகிற கழிப்பறைக்கும் ஒப்பந்தக்காரர் வேண்டும், பூட்டுச் சாவி வேண்டும், காலையில் திறக்க ஆள் வேண்டும். உங்கள் கடையோ விடிகாலை நாலு மணிக்கே திறந்திருக்கிறது. ஆளும் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. வந்தவர் முதலில் பார்க்கிற முகம் உங்கள் முகம்தான்.

ஆட்டோ, டாக்சித் தம்பிமாரே, உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அது தெரிந்தும் திங்கட்கிழமை சவாரி பேசி, பூட்டிய கதவைக் காட்டித் திரும்பி அழைத்து வருவது நடக்கிறது. சுசீந்திரம் கோவில் மத்தியானம் நடை சாத்தியிருக்கும். அது தெரிந்தும் அந்த நேரத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது நடக்கிறது. ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொன்னால், வந்தவர் துண்டு ஒன்று எடுத்துக்கொள்வார். கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகு ஓடாது. அந்தச் செய்தி உங்கள் காதுக்குத்தான் முதலில் வருகிறது. சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் படகு இல்லை என்று தெரிந்தால் அவர் உங்கள் வண்டியிலேயே வட்டக்கோட்டைக்கும் மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கும் வருவார்.

கமிஷனைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. லாட்ஜுக்கு ஆள் கொண்டுவந்தால் வாடகையில் ஒரு பங்கு. அந்தப் பங்கை லாட்ஜ்காரர் கையிலிருந்தா கொடுக்கிறார்? வந்தவர் வாடகையில்தான் அது ஏறுகிறது. அதற்காக, அவர் முன்பதிவு செய்த இடத்தைக் காட்டாமல், அது மூடிவிட்டது, அங்கே தண்ணீர் இல்லை என்று வேறு வாசலில் கொண்டுபோய் இறக்குகிறவர்களும் உண்டு. உங்களில் நேர்மையாக ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். தவறவிட்ட பையைத் தேடிப்பிடித்துத் திருப்பிக் கொடுத்த தம்பிமாரை எனக்குத் தெரியும். சிலர் செய்கிற இந்தக் காரியம் உங்கள் எல்லார் பேரையும் கெடுக்கிறது. அதைத் தடுக்கும் பலமும் உங்கள் ஸ்டாண்டுகளுக்குத்தான் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து படகுத்துறைக்கு, வட்டக்கோட்டைக்கு, சுசீந்திரத்துக்கு என்று ரேட்டைப் பேசி முடிவு செய்து ஒரு போர்டில் எழுதுங்கள். பேரம் பேசிப் பழகிய நமக்கு அது நஷ்டம்போலத் தோன்றும். ஆனால் ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடந்தே போகிறவர்களும் அப்போது வண்டி ஏறுவார்கள்.

லாட்ஜ் அண்ணாச்சிமாரிடம் இரண்டு வேண்டுகோள். தனியாக வருகிறவருக்கு அறை இல்லை என்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள பயம் எனக்குப் புரிகிறது. ஒற்றையாக வந்தவருக்கு அறையில் ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ், விசாரணை, கெட்ட பேர். ஆனால் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிள் மிதித்து வந்து சேருகிற இளைஞனும் தனியாகத்தான் வருகிறான். கணவன் இறந்தபின் அஸ்தி கரைக்க வருகிற பெண்ணும் தனியாகத்தான் வருகிறாள். அடையாள அட்டையைப் பாருங்கள், வீட்டாரின் போன் நம்பரை வாங்கி ஒரு தடவை பேசுங்கள், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். ஒருவேளை அவர் மனக்கஷ்டத்தோடுதான் வந்திருக்கிறார் என்றாலும், வாசலில் வைத்து விரட்டுவதைவிட ஒரு மனிதர் உட்காரவைத்துப் பேசுவதுதான் அவரைக் காப்பாற்றும். வெளிநாட்டவரைப் பார்த்ததும் அறை இல்லை என்பதும் அப்படித்தான். 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும் என்பதுதான் அங்கே உள்ள வேலை. உங்கள் பிள்ளைகளில் ஒருவரிடம் சொன்னால் அவரே பதிந்துவிடுவார்.

கடைசியாகக் கடல். இதை நீங்கள் எல்லாருமே செய்ய வேண்டும், இதில் காசு பேச்சே கிடையாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் போய்விட்டார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. நம் மீனவருக்குக் கள்ளக்கடல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல், தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய அலை சத்தமில்லாமல் வந்து கரையை இழுக்கும் என்று அவருக்குத் தெரியும். வெயில் அடிக்கிறது, வானம் தெளிவாக இருக்கிறது, கடல் அழகாக இருக்கிறது என்று பார்க்கிற வெளியூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? இந்திய அரசின் சுற்றுலா உதவி எண் 1363இல் இந்தி, ஆங்கிலத்தோடு பத்து வெளிநாட்டு மொழிகளில் பதில் கிடைக்கும். ஆனால் இன்றைக்கு இந்தக் கரையில் கால் வைக்கலாமா என்று கேட்டால் அந்த எண்ணால் சொல்ல முடியாது. டீ ஊற்றுகிற அக்காவால் சொல்ல முடியும். எச்சரிக்கை வந்த நாளில் கடைக்குக் கடை ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டு, இன்றைக்கு இறங்காதீர்கள் என்று கையைக் காட்டிச் சொன்னால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

நம்மால் முடியுமா என்று சந்தேகப்படாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தபோது விவேகானந்தர் பாறையில் பயணிகள் சிக்கிக்கொண்டு தவித்தார்கள். நம் கரையோரத்து மீனவர்கள் அவர்களில் பலரைத் தங்கள் வள்ளங்களில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள். சொந்த வீட்டைக் கடல் கொண்டுபோன நாளில், பேர் தெரியாதவரை, பாஷை தெரியாதவரைக் காப்பாற்றிய ஊர் இது. அன்றைக்குக் கடலில் இறங்கிய ஊருக்கு, இன்றைக்கு ஒரு பையை வாங்கி வைப்பதா பெரிய காரியம்?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். ஐப்பசி மாதத்துக்குள் லாட்ஜ் சங்கமும் வியாபாரிகள் சங்கமும் ஆட்டோ, டாக்சி ஸ்டாண்டுகளும் ஒரு சாயங்காலம் ஒரே இடத்தில் உட்காருங்கள். யார் பை வைத்துக்கொள்வது, யார் கழிப்பறையைத் திறந்துவிடுவது, யார் குளியலறை கொடுப்பது, எந்தெந்த வாசலில் தண்ணீர்ப் பானை வைப்பது என்று பேர் எழுதுங்கள். விலையைப் பேசி முடியுங்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில், ஒரே அடையாளத்தில் ஒரு போர்டு அடியுங்கள். தமிழோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம், மராத்தி, ஆங்கிலத்திலும் விலையை எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்காகப் பையின் படத்தையும் குழாயின் படத்தையும் போடுங்கள். கன்னியாகுமரி முழுக்க முப்பது வாசலில் அந்த போர்டு தொங்கட்டும். அதில் எழுதிய விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினவர் போர்டைக் கழற்றிவிடுவோம் என்று உங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வையுங்கள். வெளியிலிருந்து அதிகாரி வந்து மிரட்டுவதைவிட அந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான் வலு அதிகம்.

இதில் எந்த ஒன்றுக்கும் டெண்டர் வேண்டாம், அரசாணை வேண்டாம், அமைச்சர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டாம். முப்பது பேர் சேர்ந்தால் போதும். முப்பது வராவிட்டால் பத்துப் பேராகத் தொடங்குங்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டவர்களின் முதல் வேன் வந்து நிற்கும்போது உங்கள் வாசலில் அந்த போர்டு இருக்கட்டும். கூட்டத்துக்கு நாள் குறித்துச் சொல்லி அனுப்புங்கள். நாற்காலி போடவும், போர்டு எழுதவும், மொழிபெயர்க்க ஆள் பிடிக்கவும் நான் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
கொட்டாரத்திலிருந்து உங்கள் ஊர்க்காரன்